அம்மாவுக்குக் கீமோ தொடங்கும் முன்பு வீட்டார் பேசி முடிக்க வேண்டியவை

கும்பகோணத்தில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 56 வயதில் மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்திருக்கிறது. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை செய்யலாம் என்று சென்னை மருத்துவர்கள் தீர்மானித்து, மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டுச் சுற்றுகள் என்று எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் முதல் சுற்றுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அம்மாவிடம் வெறும் கட்டி என்றுதான் சொல்லியிருப்பதாகவும், புற்றுநோய் என்ற சொல்லை அவர் காதில் விழவிடக் கூடாது என்பதில் அப்பா பிடிவாதமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் துபாயில் இருக்கிறார், நீங்கள் சென்னையில் வேலையையும் ஆறு வயது மகனையும் ஒருசேரப் பார்த்துக்கொள்கிறீர்கள், உறவினர்களும் அம்மாவின் தோழிகளும் "நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாமா, உதவ முன்வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது, பாட்டியை ஒட்டியே படுத்துத் தூங்கும் மகனை விலக்கிவைக்க வேண்டுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

நான் 22 ஆண்டுகள் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்தேன். அவற்றில் பாதிக்கு மேல், காலையில் வந்து கீமோ ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்பும் நோயாளிகளுக்கான பகல்நேரச் சிகிச்சைக் கூடத்தில் கழிந்தவை. 2016இல் என் அக்காவுக்கு இதே நோய் வந்தபோது, கட்டிலுக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவும் நேர்ந்தது. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதையெல்லாம் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டார் செய்ய வேண்டியதைப் பற்றி மட்டுமே நான் எழுதுகிறேன்.

குடும்பத்தின் ஆதரவு நோயாளிக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஏனென்றால் "தைரியமாக இருந்தால் நோய் ஓடிவிடும்" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள், அதை நம்பும் நோயாளி ஒரு நாள் அழுதுவிட்டால்கூடத் தன் அழுகையால் நோய் வளர்ந்துவிடுமோ என்று பயப்படத் தொடங்குவார். 1989இல் ஓர் அமெரிக்க ஆய்வு, முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள் வாரந்தோறும் ஒரு குழுவாகக் கூடிப் பேசினால் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று சொன்னது. அதைச் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வொன்று 2001இல் வெளிவந்தபோது, ஆயுள் கூடவில்லை, ஆனால் மிகுந்த மன உளைச்சலில் இருந்த பெண்களுக்கு உளைச்சலும் வலியும் குறைந்தன என்று தெரிந்தது. இன்னொரு பக்கம், 2013இல் அமெரிக்காவில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், துணையோடு வாழ்கிறவர்களுக்கு நோய் பரவுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்படுகிறது, உரிய சிகிச்சை கிடைக்கிறது, அவர்களிடையே இறப்பும் குறைவு என்று கண்டார்கள். இவற்றையெல்லாம் என் அனுபவத்தோடு சேர்த்துப் பார்க்கையில் எனக்குப் புரிவது இதுதான்: அன்பு நேராகக் கட்டியைக் கரைப்பதில்லை; குறித்த நாளில் குறித்த சுற்று நடக்கவும், காய்ச்சல் வந்த இரவில் யாராவது வண்டியை எடுக்கவும், நோயாளி நடுவில் சிகிச்சையைக் கைவிடாமல் இருக்கவும் அது வேலையாக மாறும்போதுதான் பயன் தருகிறது. பாசம் குறைந்ததால் சிகிச்சை கெட்ட குடும்பங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பாசம் நிறைய இருந்தும் யார் எதைச் செய்வது என்று பிரித்துக்கொள்ளாததால் கெட்டதைத்தான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி அம்மாவிடம் சொல்வதைப் பற்றி. சொல்லத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் சுற்றுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அப்பாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. "அடையாறுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்று சொன்னாலே ஒரு தலைமுறைக்கு அது மரணச் செய்தியாக ஒலித்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் 1954இல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்தப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்நாட்களில் நோய் முற்றிய பிறகே பலர் வந்தார்கள் என்பதால் அந்தப் பயம் பிறந்தது. இன்று மார்பகப் புற்றுநோயில் நிலைமை அதுவன்று. அக்குளைத் தாண்டிப் பரவாத நோய் என்று உங்கள் அறிக்கை சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள், அப்படிப்பட்ட நோயைக் குணமாக்கும் நோக்கத்தோடுதான் சிகிச்சை செய்கிறார்கள். ஆனால் அம்மாவின் மனத்தில் இருப்பது பழைய அர்த்தம் என்பதால்தான், அந்தச் சொல்லை அவர் தனியாகக் கண்டுபிடிக்க விடக் கூடாது. அவர் எப்படியும் கண்டுபிடிப்பார். மருத்துவமனை வாசலின் பெயர்ப்பலகை தமிழில்தான் இருக்கிறது, பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொள்ளும் பெண்மணி, "உங்களுக்கு எத்தனாவது ஸ்டேஜ்?" என்று சாதாரணமாகக் கேட்பார். என் பணிக்காலத்தில், வீட்டார் மறைத்துவைத்திருந்த நோயாளிகளில் பெரும்பாலோர் கூடத்தில் என் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியும் சிஸ்டர், பிள்ளைகள் மனசு உடைந்துவிடக் கூடாது என்று தெரியாதமாதிரி இருக்கிறேன்" என்று சொன்னவர்கள்தாம். ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாதமாதிரி நடித்துக்கொண்டு, இருவரும் தனித்தனியே அழுவதை மறைப்பதே வேலையாகிவிடுகிறது.

இதற்குச் சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய தாயின் சம்மதத்தை மட்டும் பெற்றுக்கொண்டு கர்ப்பப்பையை அகற்றிய வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்கு அவருடைய சம்மதமே சம்மதம், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது உறவினரின் சம்மதம் அதற்கு ஈடாகாது என்று சொன்னது. அம்மாவின் உடலில் ஏற்றப்போகும் மருந்துக்கும், பின்னால் செய்யப்போகும் அறுவைக்கும் கையெழுத்துப் போட வேண்டியவர் அம்மாதான். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பதை அப்பாவிடம் நீங்கள் அமைதியாகக் கேட்கலாம்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் பக்குவம் இருக்கிறது. நீங்கள் சொல்லத் தொடங்குவதற்கு முன்பு அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள்: "டாக்டர் சொன்னதைக் கேட்டு நீ என்ன நினைக்கிறாய், அம்மா?" பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதையும் அவரே சொல்லட்டும். "எல்லாவற்றையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு விவரம் வேண்டாம்" என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான், அதற்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும். கேட்டால், நோயின் பெயர், எந்த நிலை, என்ன சிகிச்சை, எவ்வளவு காலம், குணமாக்கும் நோக்கம் என்ற ஐந்தையும் குறுகிய வாக்கியங்களில் சொல்லுங்கள், பிறகு பேசாமல் அருகில் இருங்கள். உங்களால் முடியாது என்று தோன்றினால், அடுத்த சந்திப்பில் மருத்துவரே சொல்லட்டும்; நீங்களும் அப்பாவும் அந்த அறையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். உறவினர் கூட்டத்துக்கு நடுவில், அல்லது பேருந்தில் வரும் வழியில், சொல்ல வேண்டாம்.

அடுத்து, யார் என்ன செய்வது. ஒரு சுற்றில் 21 நாட்களும் ஒரேமாதிரி இருப்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் உதவியைப் பங்கிடுவது எளிதாகிவிடும். மருந்து ஏற்றும் நாளில் ஒவ்வாமையையும் வாந்தியையும் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டால் அன்றிரவு தூக்கம் வராது. சர்க்கரை நோய் இருந்தால் அளவு ஏறும். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை குமட்டலும் அசதியும் அழுத்தும். வாந்திக்குக் கொடுக்கும் மாத்திரையால் மலச்சிக்கலும் வரும். முதல் நான்கு சுற்றுகளில் சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து ஏற்றுவார்கள் என்றால், அதற்கடுத்த ஓரிரு நாட்கள் சிறுநீர் சிவந்து போவதைப் பார்த்து இரத்தமோ என்று பதற வேண்டாம். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும் காலம். அம்மா அப்போது பார்ப்பதற்கு நன்றாக எழுந்து நடமாடுவார், ஆனால் அபாயம் அதிகமுள்ள வாரம் அதுதான். மூன்றாம் வாரத்தில் அவர் பெரும்பாலும் பழையபடி இருப்பார். கோயிலுக்குப் போகவும் தோழிகளோடு பேசவும் ஏற்ற வாரம் அது. ஆகவே ஒரு நாட்காட்டியை வாங்கி, எட்டுச் சுற்றுகளையும் குறித்து, ஒவ்வொரு சுற்றின் அபாய வாரத்தையும் சிவப்பு மையால் வட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள். உதவுகிறேன் என்று யார் சொன்னாலும் அந்த நாட்காட்டியில் ஒரு கட்டத்தைக் காட்டி, "இந்தத் தேதியில் இதைச் செய்யுங்கள்" என்று கேளுங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சிவப்பு வட்டத்தைப் பற்றி நான் சற்று நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் அக்காவுக்கு இரண்டாம் சுற்று முடிந்து பத்தாம் நாள், இரவு பதினொரு மணிக்கு உடம்பு சூடாக இருந்தது. நான் அன்று இரவுப் பணியில் இருந்தேன். வீட்டில் இருந்தவர்கள் என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்து, ஒரு பாராசிட்டமால் கொடுத்துப் போர்வை போர்த்திப் படுக்கவைத்துவிட்டார்கள். சூடு தணிந்தது, எல்லாரும் தூங்கிவிட்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் எழுந்து நிற்க முடியாமல் சரிந்தபோதுதான் எனக்குத் தொலைபேசி வந்தது. இரத்த அழுத்தம் மிகவும் இறங்கிப்போய், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாட்கள் இருந்து பிழைத்தார். இத்தனை ஆண்டுகள் பிறருடைய குடும்பங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றை, என் வீட்டில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைக்கவில்லையே என்று நான் இன்றும் வருந்துகிறேன். ஆகவே கேளுங்கள்: கீமோ காலத்தில் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அதாவது 38 டிகிரி செல்சியஸ் ஆனால், அது சாதாரணக் காய்ச்சல் அன்று. குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படியே. வெள்ளணுக்கள் இல்லாத உடலில் கிருமி சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். மருத்துவமனை வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது மருத்துவ நெறி. காய்ச்சல் மாத்திரையை முதலில் கொடுத்தால் அது வெப்பத்தை மட்டும் மறைக்கும். தொட்டுப் பார்த்துச் சொல்வதும் போதாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றைக் கும்பகோணத்திலும் ஒன்றைச் சென்னையிலும் வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. அம்மா மூன்று வாரத்தில் பெரும்பகுதியைக் கும்பகோணத்தில் கழிக்கப்போகிறார். சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் சென்னைக்குப் புறப்படுவது தவறு. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ இரவிலும் மருத்துவர் இருந்து இரத்தப் பரிசோதனையும் ஆன்டிபயாடிக்கும் கொடுக்கக்கூடிய ஒரு மருத்துவமனையை முதல் சுற்றுக்கு முன்பே தேர்ந்தெடுத்து, ஒரு முறை நேரில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். இவர் கீமோ எடுப்பவர், காய்ச்சல் வந்தால் உடனே என்ன செய்ய வேண்டும் என்று சென்னை மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி, ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். அந்தத் தெருவில் இரவில் கார் எடுக்கக்கூடிய இரண்டு பேரின் பெயரும் எண்ணும் அப்பாவின் கைப்பேசியிலும் சுவரிலும் இருக்கட்டும். அபாய வாரத்தில் மட்டும் அம்மாவைச் சென்னையில் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமானால் அதைவிட நல்லது வேறில்லை.

துபாயிலிருக்கும் அண்ணன், தூரத்தில் இருப்பதால் தம்மால் எதுவும் செய்ய முடியவில்லை என்று குற்ற உணர்ச்சியில் இருப்பார். அவரால் செய்யக்கூடியவை நிறைய. அறிக்கைகளை எல்லாம் வரிசைப்படி படமெடுத்துச் சேமித்தல், காப்பீட்டு அலுவலகத்தோடு பேசுதல், இரயில் பதிவு, உறவினர்களுக்கு வாரம் ஒரு முறை செய்தி சொல்லுதல் ஆகிய நான்கையும் அவரிடம் ஒப்படையுங்கள். கடைசியாகச் சொன்னது சிறிய வேலை என்று நினைக்க வேண்டாம், இருபது பேர் தனித்தனியாக அழைத்து "இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்க, நோயாளியின் படுக்கையருகே நின்று இருபது முறை அதே கதையைச் சொல்லும் பெண்களின் களைப்பை நான் அறிவேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்றோடும் குடும்ப அட்டையோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உடனே விண்ணப்பியுங்கள். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு இரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்லும் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 விழுக்காடு சலுகையும் உண்டு. மருத்துவமனை தரும் படிவத்தைப் பதிவுக் கவுன்ட்டரில் காட்ட வேண்டும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர் தாய்க்குச் செய்த சிகிச்சைச் செலவுக்கு 40,000 ரூபாய் வரை கழிவு கோரலாம்.

வருகிறவர்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு வந்துவிடும். நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போவது கடமை. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நான்கு ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போகாவிட்டால் மனஸ்தாபமே வரும். அந்த அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சிவப்பு வட்டமிட்ட வாரத்தில் யாரும் கூட்டமாக வர வேண்டாம் என்றும், சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் எந்த வாரத்திலும் வர வேண்டாம் என்றும் அண்ணன் அனுப்பும் செய்தியிலேயே எழுதிவிட வேண்டும். வந்து உட்கார்ந்து, "எங்கள் ஓரகத்திக்கும் இதேதான், மூன்றே மாதத்தில் போய்விட்டாள்" என்று தொடங்குகிறவர்களை நடுவில் நிறுத்தும் பொறுப்பு வீட்டில் ஒருவருக்கு இருக்க வேண்டும். அது மரியாதைக் குறைவு ஆகாது. "போன ஜன்மத்துப் பாவம்" என்று சொல்கிறவரை இரண்டாம் முறை உள்ளே விடாதீர்கள் என்று சொல்லவும் நான் தயங்க மாட்டேன். புற்றுநோய் யாருடைய பாவத்தாலும் வருவதில்லை, தொட்டால் ஒட்டுவதுமில்லை.

முள்சீத்தாப் பழம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலியது என்ற செய்தி நிச்சயமாக வரும். ஆய்வகத்தில் செல்களின் மீது அதன் சாற்றை வைத்துப் பார்த்ததைத் தவிர, மனிதர்களுக்குப் புற்றுநோயை அது குணமாக்கியதற்கு ஆதாரம் எதுவுமில்லை. சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்பதும் உண்மையன்று; அப்படிப் பட்டினி கிடந்து எடை இழந்த நோயாளிக்குத்தான் அடுத்த சுற்றைத் தள்ளிவைக்க நேர்கிறது. நாட்டு மருந்து, கஷாயம், பொடி எதுவானாலும் கீமோவோடு சேர்த்துக் கொடுப்பதற்கு முன்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கல்லீரலில் மருந்து கரையும் விதத்தை அவற்றில் சில மாற்றிவிடும். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இருந்தால், ஏளனம் செய்யாமல், சிகிச்சை முடியும் வரை பொறுத்திருக்கலாமா என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் தோழிகளின் உதவி பெரிது. தாளிக்கும் வாசனையே பல பெண்களுக்குக் குமட்டலை எழுப்பும். மருந்து ஏற்றிய முதல் வாரத்தில் அந்த வீட்டு அடுப்பில் தாளிக்காமல், பக்கத்து வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பது உண்மையான தொண்டு. சூடாகக் கொடுக்காமல் ஆறவைத்த இட்லி, இடியாப்பம், வீட்டில் உறைய வைத்த தயிர் சேர்த்த சாதம் ஆகியவை வயிற்றில் தங்கும். வாயில் புண் வந்தால் மிளகாயையும் புளியையும் விலக்கி, வெதுவெதுப்பான நீரில் உப்பும் சமையல் சோடாவும் கலந்து நாளுக்கு நான்கைந்து முறை கொப்பளிக்கச் சொல்லுங்கள். கஞ்சி மட்டும் குடித்தால் உடல் தேறாது. பருப்பு, முட்டை, மீன் என்று புரதம் சேர வேண்டும். நன்றாக வெந்த, அன்றன்று சமைத்த உணவு, கொதிக்கவைத்த நீர் என்ற இரண்டும் போதும். கோயில் தீர்த்தத்தையும் கடையில் பிழிந்த சாற்றையும் அபாய வாரத்தில் தவிர்க்கலாம். தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று என் அக்காவின் மாமியாரே சொன்னார், அந்த ஒரு சொல்லால் வீட்டில் ஒரு சண்டை தீர்ந்தது.

நண்பர்களிடம் கேட்க வேண்டிய இன்னொன்று இரத்தம். கீமோ நடுவில் இரத்தமோ, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களோ ஏற்ற நேரலாம். தட்டணுக்களை ஐந்து நாட்களுக்குமேல் சேமித்து வைக்க முடியாது என்பதால் கொடையாளர்கள் வரிசையில் தயாராக இருப்பது உதவும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. பெற்ற பிள்ளை, உடன்பிறந்தவர் போன்ற நெருங்கிய இரத்த உறவினரின் இரத்தத்தை நேராக ஏற்றினால், அதிலுள்ள வெள்ளணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கும் அரிதான, ஆனால் உயிர்க்கொல்லியான ஒரு சிக்கல் வரக்கூடும் என்பதால், அப்படிப்பட்ட இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும். ஆகவே "என் இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களும் அண்ணனும் முன்னால் நிற்பதைவிட, உங்கள் அலுவலக நண்பர்களும் அண்ணனின் கல்லூரித் தோழர்களும் இரத்த வங்கிக்கு வருவதுதான் அம்மாவுக்கு நல்லது.

முடி இரண்டாவது மூன்றாவது வாரத்தில் கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்க்கும் அந்தக் காலை நேரம், நோயின் பெயரைக் கேட்ட நாளைவிடக் கொடியது என்று சொன்ன பெண்கள் உண்டு. நம்மிடையே பெண்ணின் மொட்டைத் தலைக்கு வேண்டுதல், கைம்மை என்ற இரண்டே அர்த்தங்கள் இருந்துவந்ததால் அந்த வலி இன்னும் ஆழமாகிறது. கூடத்துக்கு வந்த சிலர், கொட்டுவதற்கு முன்பே சமயபுரத்திலோ பழனியிலோ முடி காணிக்கை கொடுத்துவிட்டு, "நோய் எடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன்" என்று நிமிர்ந்து சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அம்மா விரும்பினால் அப்படிச் செய்யலாம். முதல் சுற்றுக்கு முன்பே, வெள்ளணுக்கள் குறைவதற்கு முன்பே, தோலில் வெட்டு விழாதபடி செய்ய வேண்டும். விரும்பாவிட்டால் ஒரு மெல்லிய பருத்தித் துணி போதும். "முடிதானே, வளர்ந்துவிடும்" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. வளரும் என்பது அவருக்கும் தெரியும்.

பின்பாதிச் சுற்றுகளில் மருந்து மாறும்போது கைவிரல்களும் பாதங்களும் மரத்துப்போகலாம். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தின் சூடு தெரியாமல் கையைச் சுட்டுக்கொள்வார்கள், செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பார்கள். அப்போது சமையலறையை அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அவருக்குச் சமைக்கத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள், கற்றுக்கொள்வார். உண்மையில், செய்வதற்கு வேலை எதுவும் கொடுக்கப்படாத கணவர்கள்தாம் வராந்தாவில் நின்று உள்ளுக்குள் நொறுங்குகிறார்கள். மாத்திரை கொடுப்பது, வெப்பம் பார்த்து நோட்டில் எழுதுவது, சாதம் வடிப்பது ஆகிய மூன்றையும் அவருடைய பொறுப்பாக்குங்கள். அறுவைக்குப் பிறகு அவர் அம்மாவின் பக்கத்தில் உட்காரவும், கையைப் பிடித்துக்கொள்ளவும் தயங்கக் கூடாது என்பதை அவருடைய நண்பர் யாராவது ஒருவர் தனியாக எடுத்துச் சொன்னால் நல்லது. மார்பை இழந்த பெண்கள் தங்களைக் கணவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

நீங்கள் எழுதியதில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்தேன். எட்டுச் சுற்றுக்கு ஆறு மாதம், பிறகு அறுவை, பிறகு கரண்ட் வைத்தல் என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாட்களாகச் சில வாரங்கள். இதை ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முழு இரவாவது சித்தியோ அத்தையோ அம்மாவோடு படுத்துக்கொள்ள, நீங்கள் உங்கள் வீட்டில் உறங்க வேண்டும். இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது பலவீனம் அன்று, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் உளவியல் ஆலோசகர் இருப்பார், உடன் இருப்பவர்களுக்காகவும்தான் இருக்கிறார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை முடிந்த நாளில் எல்லாரும் இனிப்புக் கொடுத்துவிட்டுக் கலைந்துபோவார்கள். அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஹார்மோன் மாத்திரை தேவைப்பட்டால் ஐந்து ஆண்டுகளாவது தினமும் விழுங்க வேண்டும், அதனால் மூட்டுகள் வலிக்கும், ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் பழைய பயம் திரும்பும். நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றிவிடாதீர்கள். யாராவது ஒரு தோழி மாதம் ஒரு முறை வந்து அம்மாவோடு நடந்துவிட்டுப் போகட்டும்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விலக்கிவைக்க வேண்டாம். மருந்து ஏற்றிய பிறகு 48 மணி நேரம் வரை சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்தின் மிச்சம் இருக்கும் என்பதால், அந்த இரண்டு நாட்கள் கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும், அழுக்குத் துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும். அதற்காகக் கட்டிப்பிடிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சில் உடம்பில் எதுவும் தங்குவதில்லை, அன்று மாலையே பாட்டியின் மடியில் அவன் படுத்துக்கொள்ளலாம். ஆபத்து எதிர்த்திசையில்தான்: பள்ளியிலிருந்து அவன் கொண்டுவரும் சளியும் காய்ச்சலும் பாட்டிக்கு ஆகாது, அப்போது அவனை வேறு அறையில் படுக்கவையுங்கள். குறிப்பாக அவன் வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருப்பது தெரிந்தால், அவனுக்கு ஒன்றும் வராவிட்டாலும், உங்கள் அம்மா அவன் அருகில் இருந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் அம்மையை வெளியில் சொல்லாமல் வேப்பிலை கட்டிவைக்கும் வழக்கம் உண்டு, கீமோ நடக்கும் வீட்டில் அதை மறைக்கக் கூடாது. அவனிடமும் உண்மையைச் சொல்லுங்கள். பாட்டிக்குப் புற்றுநோய் என்று ஒரு நோய், அதற்கு வலுவான மருந்து கொடுக்கிறார்கள், அந்த மருந்தால் முடி கொட்டும், சில நாட்கள் பாட்டி படுத்தே இருப்பாள், நீ குறும்பு செய்ததால் இது வரவில்லை, தொட்டால் உனக்கு வராது என்று சொன்னால் ஆறு வயதுக்குப் போதும். பள்ளியிலிருந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தெர்மாமீட்டரைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அவனுக்குக் கொடுங்கள்.